வேலை முடிந்து வந்து என்ன பார்க்கிறாய் என்று கேட்டீர்களே, அம்மா

லைப்சிக், ஜெர்மனி,
16.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அங்கே நீங்களும் அப்பாவும் அப்பத்தாவும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா முழங்கால் வலிக்கு நான் சொன்ன பயிற்சியைக் காலையும் மாலையும் விடாமல் செய்கிறாரா என்பதை மட்டும் மறக்காமல் தெரிவியுங்கள்.

போன வாரம் பேசும்போது, "வேல முடிஞ்சு வந்து தனியா உக்காந்து என்னத்தத்தான் பாப்ப?" என்று கேட்டீர்கள். பணிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். போனில் சொல்வது காற்றோடு போய்விடும், எழுதியது மத்தியானம் எடுத்து இன்னொரு தடவை வாசிக்கக் கையில் இருக்கும் என்பீர்கள் அல்லவா? இன்று எனக்கு விடுமுறை. நான்கரை மணிக்கே இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

வேலை முடிந்த பிறகு வரும் பொழுதுக்கென்றே இந்த ஊர்க்காரர்கள் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஃபையராபென்ட் என்பார்கள். முன்பாதிக்குக் கொண்டாட்டம் என்றும் பின்பாதிக்கு மாலை என்றும் பொருள். மருத்துவமனை வார்டில் பணியை அடுத்த செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது, நல்ல ஃபையராபென்ட் அமையட்டும் என்று வாழ்த்தித்தான் அனுப்புகிறார்கள். வந்த புதிதில் அந்த வாழ்த்து எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு டிராமில் வந்து, கதவைத் திறந்து, ரசத்தைச் சுடவைத்துச் சோற்றைப் பிசைந்து உண்டு முடித்தால் மணி பத்தரை ஆகியிருக்கும். பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஒரு பாத்திரத்தைக்கூட உருட்டக் கூடாது என்பது இங்கே வழக்கம். உங்களோடு பேசலாம் என்றால் மதுரையில் விடிகாலை மூன்று மணி. உடம்பு படுக்கச் சொல்லும், மனம் மட்டும் வார்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஏழாம் அறைத் தாத்தாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்குமா, அவருடைய மாத்திரையைக் குறிப்பேட்டில் எழுதினேனா என்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தை நிறுத்திக் கண்ணை மூடவைக்க எனக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. சிறு வயதில் அப்பத்தா மடியில் படுத்துக் கேட்ட கதையின் வேலையைத்தான் இங்கே ஒரு தொடரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

ஆனால் எந்தத் தொடர் என்று தேர்வு செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு முதலில் புரியவில்லை. நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் படம் படமாக வந்துகொண்டே இருக்கும். இது வேண்டாம், அது பார்க்கலாமா என்று தள்ளித் தள்ளியே அரை மணி நேரம் கரைந்துவிடும். கடைசியில் ஒன்றையும் பார்க்காமல், கண் எரிச்சலோடு படுப்பேன். அதைவிட மோசம், ஒன்றில் பிடித்துப்போய் மாட்டிக்கொள்வது. போன வருடம் ஒரு கொலைக் கதைத் தொடர். ஒவ்வொரு எபிசோடும் கதவு திறக்கும் நேரத்தில் முடியும். முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கும். ஒரே இரவில் ஐந்து எபிசோடுகள் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரமே தூங்கி, காலை ஆறு மணிப் பணிக்குப் போனேன். அன்று ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். ஒருவருக்கான மாத்திரைத் தட்டை மற்றவர் அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பிறந்த தேதியைக் கேட்டுச் சரிபார்க்கும் விதி இருந்ததால் தப்பித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அம்மா, அன்று வீடு திரும்பும்போது டிராமில் உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. அன்றே அந்தத் தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டேன். நாடகம் நம் நேரத்துக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

அதிலிருந்து, விடுமுறை நாளிலேயே அந்த வாரத்துக்கு வேண்டியதைத் தேர்ந்து ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிடுகிறேன். நாளைக்கு என்ன குழம்பு என்று முந்தின இரவே முடிவு செய்துவிட்டுப் படுப்பீர்களே, அந்தப் பழக்கம்தான். களைத்துப்போய் வந்து நிற்கும் மனத்துக்குத் தேர்ந்தெடுக்கும் தெம்பு இருக்காது. மதியப் பணி முடிந்து வரும் இரவுகளில் அரை மணிக்கு மேல் ஓடாததாக, அன்றைக்கே முடிந்துவிடுவதாக, யாரும் சாகாததாக இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு முடியும் காலைப் பணி நாட்களில் கொஞ்சம் கனமானதையும் பார்க்கலாம். படுப்பதற்குள் அது தணிந்துவிடும்.

நான் லைப்சிக்கில் செவிலியராக இருக்கிறேன் என்று சொன்னால் இங்கே பலரும் உடனே கேட்பது ஒரு தொடரைப் பற்றித்தான். இன் அல்லர் ஃப்ராய்ன்ட்ஷாஃப்ட் என்று பெயர். கதை நடப்பது இதே லைப்சிக்கில், கற்பனையான ஒரு மருத்துவமனையில். 1998 முதல் செவ்வாய்க்கிழமை இரவுகளில் ஆயிரம் எபிசோடுகளையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மொழி பழக உதவும் என்று ஒரு செவ்வாய் இரவு போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு காட்சியில் நோயாளியின் பக்கத்திலிருந்த கருவி கூவத் தொடங்கியது. அடுத்த கணம் நான் சோபாவை விட்டு எழுந்து, செருப்பைத் தேடி ஒரு காலை நுழைத்துவிட்டேன். தட்டில் சோறு பாதி இருந்தது. நல்ல தொடர்தான், நன்றாக நடிக்கிறார்கள். ஆனால் பகலெல்லாம் செய்த வேலையையே இரவிலும் பார்க்கச் சொல்வது, தறியை விட்டு இறங்கிய அப்பாவிடம் வேறொருவர் தறியைக் காட்டுவது போல. அத்தோடு அதை விட்டுவிட்டேன்.

அந்த இரவில்தான் செல்லூரில் நாம் நாடகம் பார்த்த விதம் நினைவுக்கு வந்தது. மெட்டி ஒலி ஓடிய 2002இலிருந்து 2005 வரையான காலத்தில் நம் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. நீங்கள் வாசலில் ராட்டையைப் போட்டுத் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே எதிர்வீட்டிலிருந்து வரும் சத்தத்தை வைத்துக் கதையைப் பின்தொடர்வீர்கள். உள்ளே அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் வீட்டில் யாரோ விம்முவது கேட்டால், "யாரு அழுறா, போய்ப் பாத்துட்டு வா" என்று என்னை விரட்டுவீர்கள். நான் தெருவைக் கடந்து ஓடி, ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். உங்கள் கை ராட்டையை விட்டு எடுக்கப்பட்டதே இல்லை.

நம் நாடகங்களில் ஒரே சேதியை மூன்று பேர் மூன்று முறை சொல்கிறார்கள், ஒரு முகத்தை மூன்று தடவை இடிமுழக்கத்தோடு காட்டுகிறார்கள் என்று பலர் குறை சொல்வார்கள். கல்லூரிக் காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். கீரை ஆய்ந்துகொண்டும் தார் சுற்றிக்கொண்டும் காதால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தவறிப்போகக் கூடாது என்பதற்கு அது வசதியாகத்தான் இருக்கிறது. அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகும் கோலங்களை நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்களையிலிருந்துதானே கேட்டீர்கள்? அது 2003 முதல் 2009 வரை 1533 எபிசோடுகள். இங்கே லிண்டன்ஷ்ட்ராஸ என்று ஒரு தெருவின் கதை 1985இல் தொடங்கி 2020இல்தான் முடிந்தது. மொத்தம் 1758 எபிசோடுகள். எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் வாரத்துக்கு ஒன்று என்று முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பரப்பிக்கொண்டார்கள். வார்டில் இருந்த ஒரு மூதாட்டி, அந்தத் தொடர் நின்ற பிறகு ஞாயிறு மாலையில் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது ஞாயிறு இரவுதான். எட்டு மணிக்குப் பதினைந்து நிமிடம் செய்தி, எட்டேகாலுக்கு டாட்டோர்ட். குற்றம் நடந்த இடம் என்று பொருள். 1970 நவம்பர் 29 அன்று தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. லைப்சிக் வேறொரு நாட்டில், கிழக்கு ஜெர்மனியில் இருந்த காலத்தில் மேற்கு ஜெர்மனிக்காரர்கள் எடுத்த தொடர் அது. ஆனால் அதன் முதல் கதையின் தலைப்பிலேயே லைப்சிக்கின் பெயர் இருக்கிறது. மறு ஆண்டு கிழக்கிலும் பொலிட்சைரூஃப் 110 என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சுவர் இடிந்து நாடு ஒன்றான பிறகு அதையும் கைவிடாமல் அதே ஞாயிறு நேரத்தில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஒரு கதை தொண்ணூறு நிமிடம், அன்றோடு முடிந்துவிடும். இடையில் ஒரு விளம்பரமும் வராது. அரசு சாராத பொது ஒளிபரப்பு என்பதால், இரவு எட்டு மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் விளம்பரம் போட அவர்களுக்கு அனுமதி இல்லை. அதற்காகத் தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். முதல் ரசீது வந்தபோது மனம் கசந்தது உண்மை. இப்போது முழு மனத்தோடு கட்டுகிறேன்.

டாட்டோர்ட்டில் எனக்கு வியப்பு என்னவென்றால், மியூனிக்குக்கு ஒரு ஜோடி துப்பறிவாளர்கள், கொலோனுக்கு ஒரு ஜோடி, முன்ஸ்டருக்கு ஒரு ஜோடி, எல்லைக்கு அப்பால் வியன்னாவுக்கும் சூரிச்சுக்கும்கூடத் தனித்தனி ஜோடி. அந்தந்த ஊரின் தெருவும் மழையும் பேச்சும் கதைக்குள் வந்துவிடும். நான் தேர்வுக்குப் படித்த ஜெர்மன் ஒன்று, நோயாளிகள் பேசும் சாக்சனி ஜெர்மன் ஒன்று. தொலைக்காட்சியில் எழுத்துப் பக்கம் 150ஐ அழுத்தினால் பேசுவதெல்லாம் அடியில் எழுத்தாக ஓடும். அதைப் படித்துப் படித்துத்தான் என் காது பழகியது. நம் ஊரிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன், அம்மா. ஒரு வாரம் மதுரைக் காவலர் நம் பேச்சில், அடுத்த வாரம் நாகர்கோவில்காரர் அவர் பேச்சில், அதற்கடுத்து கோயம்புத்தூர். எல்லோரும் ஒரே மாதிரிப் பேசும் நாடகங்களைக் கேட்டுக் கேட்டு, நம் பேச்சு மேடை ஏறத் தகுதியற்றது என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம்.

இரவுப் பணி வாரங்களில் பெரிதாக எதுவும் பார்ப்பதில்லை. கிளம்பும் முன் 6.50க்குக் குழந்தைகளுக்கான சாண்ட்மென்ஷன் மட்டும். 1959இலிருந்து வருகிறது. தாடி வைத்த சிறு பொம்மை மனிதர் ஒருவர் விமானத்திலோ ரயிலிலோ வந்து இறங்கி, ஒரு குட்டிக் கதை காட்டிவிட்டு, கடைசியில் தூக்க மணலைத் தூவுவார். நாட்டின் பிள்ளைகள் எல்லாம் படுக்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தோடு நான் பணிக்குச் செருப்பு மாட்டுகிறேன். ஏனோ அது மனத்துக்கு ஒரு தைரியம் தருகிறது.

ஆனால் இந்த வருடம் நான் பார்த்ததிலேயே பெரியது நாம் இருவரும் சேர்ந்து பார்த்த அயலி தொடர்தான். தம்பி உங்களுக்குப் போட்டுக் கொடுக்க, நான் இங்கே போனில் "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ண, ஒரே நேரத்தில் அழுத்தி ஓடவிட்டோமே, எனக்குப் பணி இல்லாத ஞாயிறாகப் பார்த்துப் பார்த்து எட்டு எபிசோடுகளை முடிக்க நான்கு மாதம் ஆனது. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர், வயதுக்கு வந்தவுடன் பள்ளியை விட்டு நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கும் வழக்கம், டாக்டராக வேண்டும் என்பதற்காகத் தான் வயதுக்கு வந்ததையே மறைக்கும் தமிழ்ச்செல்வி. பாதியில் ஒரு ஞாயிறு, எபிசோடு முடிந்தும் நீங்கள் பேசவே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன். "நானும் எட்டாப்போட நின்னவதான். பொஸ்தகத்த எல்லாம் எடைக்குப் போட்டுட்டாக. எனக்குக் கணக்கு நல்லா வரும்" என்றீர்கள். படிப்பு ஏறவில்லை என்று நின்றதாகத்தானே இத்தனை காலமும் சொல்லி வந்தீர்கள்? தறியில் ஏற்றும் பாவுக்கு எத்தனை இழை என்று நீங்கள் காகிதம் இல்லாமல் மனத்திலேயே கூட்டிச் சொல்வதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு எந்த வகுப்பறையிலிருந்து வந்தது என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அந்த இரவு வேறு எதையும் போட்டுப் பார்க்கவில்லை. நெடுநேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி அடுத்ததை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தம்பி சுழல் பார்க்கச் சொல்கிறான். மயானக் கொள்ளைத் திருவிழாவைச் சுற்றிப் பின்னிய கதை, நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் காணாமல்போன பெண்ணைத் தேடுவதைப் பார்த்துவிட்டு உங்களுக்குத் தூக்கம் வருமா என்று யோசிக்கிறேன். அது வேண்டாம் என்றால், இங்கே ஞாயிறு காலையில் வரும் ஓர் எலியின் நிகழ்ச்சி இருக்கிறது. 1971இலிருந்து ஓடுகிறது. ரொட்டி எப்படிச் செய்கிறார்கள், பற்பசையில் கோடு எப்படி விழுகிறது என்றெல்லாம் ஒவ்வொரு படியாகக் காட்டுவார்கள். மொழி தெரியாவிட்டாலும் கைவேலையைப் பார்த்தே உங்களுக்குப் புரிந்துவிடும். தொடக்கத்தில் இன்று என்னென்ன வரும் என்பதை ஜெர்மனில் சொல்லிவிட்டு, வாரம் ஒரு வேற்று மொழியில் திரும்பச் சொல்வார்கள். என்றாவது தமிழ் ஒலிக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு எனக்குப் பணி. அதற்கடுத்த ஞாயிறு, 30ஆம் தேதி, சேர்ந்து பார்ப்போம். கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்த அன்று நீங்கள் ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்ததாகத் தம்பி சொன்னான், மனம் தாங்கவில்லை. குளிர்காலம் முடியும் வரை நமக்குள் நான்கரை மணி நேர வித்தியாசம். எனக்கு மாலை மூன்று என்றால் உங்களுக்கு இரவு ஏழரை. ஆறரைக்கே உட்கார்ந்துவிடாதீர்கள். அப்பத்தாவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, நீங்களும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருங்கள். நானே கூப்பிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்