விதைக்கும் நாளும் ரகமும்

ஆசிரியர் அவர்களுக்கு, கோதுமை விளைச்சல் குறைவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை உரத்தையும் நீரையும் விரிவாக அலசியது. சரி, விதைக்கும் நாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! கோதுமைக்குத் தூர் கட்ட, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட, குளிர் வேண்டும். விதைப்பு தள்ளிப்போனால் தூர்கள் குறையும். பால் பிடிக்கும் நேரத்தில் வெயிலும் ஏறிவிடும். சராசரி வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் உலகக் கோதுமை உற்பத்தி சுமார் 6 சதவீதம் குறையும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. முதிர அதிக நாள் எடுக்கும் நீண்டகால ரகத்தைத் தாமதமாக விதைத்த வயலில் ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கிப் பார்த்தேன். வெளியே செழிப்பு, உள்ளே சுருங்கிய மணிகள். உழவு, விதை, உரம் என்று செலவு அப்படியேதான் இருந்தது. எடையும் விலையும்தான் போயின.

முன்கூட்டி விதைப்பவருக்கு நீண்டகால ரகமும், முந்தைய பயிரின் அறுவடை தள்ளிப்போனவருக்கு வெப்பம் தாங்கும் குறுகியகால ரகமும் பொருந்தும். பின்னவர் விதையளவையும் சற்றுக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு விதைப்பையிலும் அந்த ரகத்தை எந்தத் தேதிக்குள் விதைக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்கலாம். பருவம் தொடங்கும் முன்பே ரகங்களையும் அவற்றின் விதைப்புத் தேதிகளையும் பட்டியலாகத் தாங்களும் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

— ஒரு வாசகர்