பழைய நகராட்சிக் கட்டடத்தை இடிக்காதீர்கள்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள், ஆணையர் அனைவருக்கும் வணக்கம்.

கடைத்தெரு முனையில் உள்ள பழைய அலுவலகக் கட்டடத்தை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். தீர்மானத்தை வாசித்து முடிப்பதற்குள் மேசை தட்டும் சத்தம் கேட்டதாகப் பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அலுவலகம் புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டதால் பழையது தேவையில்லை என்று நினைக்கிறீர்கள் போலும். நான் கேட்பது ஒன்றுதான்: இடிக்காதீர்கள், பழுதுபாருங்கள்.

‘இடிந்து விழும் நிலையில் உள்ளது’ என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த நிலைக்கு எப்படி வந்தது என்றும் கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட ‘மெட்ராஸ் தளம்’ என்னும் பழைய முறைக் கூரை அது. மழைநீர் வடியும் தூம்புகளில் சருகு அடைத்தது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தது. அதன் வேர் கட்டைவிரல் பருமனாகிச் சுவருக்குள் இறங்கும் வரை ஓர் ஆளை ஏற்றிப் பிடுங்கச் சொல்லவில்லை. பிறகு மராமத்து என்ற பெயரில் வந்தவர்கள் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியது, உப்புப் பூத்தது, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கவனிக்காமல் விட்டதும் நகராட்சி, பழுது என்று சான்றளித்ததும் நகராட்சி, இடிக்க ஒப்பந்தப்புள்ளி கோருவதும் நகராட்சி.

சரி, கட்டடத்தை விடுங்கள். அதன் பின்கட்டில் இருந்த பிறப்பு இறப்புப் பதிவேடுகள் எங்கே? 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுதத் தொடங்கியவை, ஆண்டுவாரியாக மர அலமாரிகளில் நின்றவை. புதிய அலுவலகத்தில் இடமில்லை என்று சாக்கில் கட்டி, குப்பை வண்டிகள் நிற்கும் கொட்டகையில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். தகப்பனார் பெயரிலேயே நிற்கும் வீட்டுக்குப் பட்டா மாற்ற அவருடைய இறப்புச் சான்று கேட்டார். தேடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டீர்கள். ஊழியர் அந்த ஆண்டின் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தபோது துணைக்கு நானும் நின்றிருந்தேன். நனைந்து காய்ந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை போல இறுகிக் கிடந்தன. அவர் நகத்தால் ஒரு தாளைப் பிரிக்கப் பார்த்தார். பாதி கையோடு வந்தது. மை ஊதா நிறத்தில் பரவியிருந்தது, ஒரு பெயரும் படிக்க முடியவில்லை. ‘பதிவு கிடைக்கவில்லை’ என்று சான்று கொடுத்து அனுப்பினீர்கள். இப்போது அந்த முதியவர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறார். ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். பழைய அறையில் கேட்ட ஏட்டைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தந்தவர் அவர்தான்.

புதிய அலுவலகத்தின் முன்கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பயிற்சிக்காகச் சென்னை சென்ற நம் உறுப்பினர்கள் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் வரிசையாக நிற்கிறார்கள். நல்ல படம். 1909-இல் அன்றைய வைஸ்ராய் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டி, ஹாரிஸ் என்பவரின் வரைபடத்தின்படி லோகநாத முதலியார் கட்டி, 1913-இல் திறக்கப்பட்ட மாளிகை அது. அன்றைய செலவு ஏழரை லட்சம் ரூபாய். மாநகராட்சி இன்றும் அங்கேதான் இயங்குகிறது. இடம் போதாதபோது பக்கத்தில் அம்மா மாளிகையைக் கட்டிக்கொண்டார்களே தவிர, பழையதில் கை வைக்கவில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த அந்த மனையில் எத்தனை கடைகள் கட்டலாம் என்று நம் மன்றத்தைக் கேட்டிருந்தால் அன்று மாலையே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கும்! ஊர்க் காரியத்தை ஊராரின் பிரதிநிதிகளே பார்க்கட்டும் என்று 1882-இல் தீர்மானம் கொண்டுவந்தவர் அன்றைய வைஸ்ராய் ரிப்பன் பிரபு. நீங்கள் அமரும் நாற்காலிகளுக்கு அதுவும் ஒரு வேர். அவர் பெயர் தாங்கிய கட்டடத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, இங்குள்ளதை இடிக்கக் கை தூக்கியிருக்கிறீர்கள்.

புதிய கட்டடத்தில் தலைவர் அறைக்குக் குளிர்சாதனம் உண்டு. சொத்து வரி கட்ட வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு தகரக் கூரைகூட இல்லை. வாசலிலேயே சாக்கடை வழிகிறது. குடிநீரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: பழைய கட்டடத்தை இடிக்காதீர்கள், பழுதுபாருங்கள். ஒப்பந்தப்புள்ளியை நிறுத்திவைத்து, சுண்ணாம்புக் கட்டடங்களில் பழகிய பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். மரபுக் கட்டடங்களைக் காக்க 2012-இல் இயற்றிய தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தையும் அடுத்த கூட்டத்தில் ஒருமுறை வாசியுங்கள். எது எப்படியானாலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் எஞ்சிய பதிவேடுகளைக் கொட்டகையிலிருந்து எடுத்து உலர்ந்த அறையில் வையுங்கள். அதற்குத் தீர்மானம் தேவையில்லை, ஒரு சாவியும் இரண்டு ஆட்களும் போதும்.

எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கும்,
வரி பாக்கி இல்லாத ஒரு குடிமகன்