கணக்கு முழுவதையும் ஒருவர் கையில் விட்டிருக்கும் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் சிறுதொழில் நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

உங்களைப் போன்றவர்களின் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு மெஷின் நின்றால் அந்த நிமிடமே ஓடிப்போய்ப் பார்க்கிறீர்கள். ஆனால் பேங்க் ஸ்டேட்மென்ட்டை மாதக்கணக்கில் பிரிப்பதில்லை. கேட்டால், "நம்ம பையன்தாங்க, ரொம்ப வருஷமா இருக்கான்" என்கிறீர்கள். இருக்கட்டும். பில்லைப் பதிவது, பணம் அனுப்புவது, பேங்க்கோடு ஒத்துப் பார்ப்பது மூன்றையும் அந்தக் கணக்கரே செய்கிறார். நெட் பேங்கிங் ஓடிபி அவர் போனுக்குத்தான் வருகிறது. உங்கள் பெயரில் கையெழுத்துப் போடும், பென்டிரைவ் போன்ற டிஜிட்டல் கையெழுத்து டாங்கிளும் அவர் டிராயரில்தான் கிடக்கிறது. இப்படி வைத்திருந்தால், நல்ல மனிதரும் கடன் நெருக்கும் ஒரு நாளில் தடுமாறிவிடலாம்.

இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். உங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு பார்ட்டி ரொக்கமாகக் கட்டிய 80,000 ரூபாயைக் கணக்கர் எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அடுத்த வாரம் இன்னொரு பார்ட்டி கட்டும் பணத்தை முதல் பார்ட்டி பெயரில் வரவு வைக்கிறார். மூன்றாமவர் பணம் இரண்டாமவர் பெயருக்குப் போகும். டேலி கணக்கு மென்பொருளில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், சிலர் பாக்கி மட்டும் கொஞ்சம் இழுக்கும். இதை அவர் தினமும் உருட்டியாக வேண்டும், அதனால் லீவே போட மாட்டார். லீவே எடுக்காதவர் எல்லாரும் திருடர் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் வருடத்தில் ஒரு வாரமாவது அவரை அனுப்பிவிட்டு, வேறொருவரை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். பார்ட்டிகளின் பாக்கி விவரத்தை உங்கள் போனிலிருந்தே அவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள்.

சப்ளையர் பில்லும் அப்படித்தான். பில் இருக்கும், பணமும் போயிருக்கும், ஆனால் கேட் ரிஜிஸ்டரில் சரக்கு உள்ளே வந்த பதிவு இருக்காது. மாதம் பத்து பில்லை எடுத்து நீங்களே ஒத்துப் பாருங்கள்.

சத்யம் என்ற ஐடி கம்பெனியின் விவகாரம் நினைவிருக்கும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. பேங்க் இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களை ஆடிட்டர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைக்காமல் நிறுவனத்தின் கையிலேயே விட்டிருந்தார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011-ல் சொன்னது. உங்கள் ஆபீஸிலும் ஸ்டேட்மென்ட்டைக் கணக்கர்தானே பிரிண்ட் எடுத்துத் தருகிறார்? இனி பேங்க்கிலிருந்து நேராக உங்கள் மெயிலுக்கே வரச் செய்யுங்கள்.

சத்யத்தில் மோசடி செய்தது கணக்கர் இல்லை, முதலாளி. சிறிய வித்தியாசமாகத் தொடங்கியது வருடா வருடம் வளர்ந்துவிட்டது என்று அவரே எழுதினார். இதைச் சொன்னால் கோபப்படுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். பேங்க்கின் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் லிமிட்டுக்காக ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை ஏற்றிக் காட்டச் சொல்வதும், பில் இல்லாத வியாபாரத்துக்குத் தனி நோட்டு எழுதச் சொல்வதும் நம் ஊரில் நடக்கிறது. பொய்ப் பதிவு போட நீங்களே பழக்கிவிட்டு, அவர் தனக்காக ஒன்று போடக்கூடாது என்று எப்படி எதிர்பார்ப்பீர்கள்? கணக்கில் வராத அந்த நம்பர் டூ பணத்தில் அவர் கை வைத்தால் போலீசுக்கும் போக முடியாது. என்ன புகார் எழுதுவீர்கள்? இதைச் சரிசெய்யாமல் மேலே சொன்ன எதைச் செய்தும் பெரிய பலன் இருக்காது.

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்கள், எந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்று காட்டும் எடிட் லாக் உள்ள மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். கூட்டு வியாபாரத்துக்கும் தனி முதலாளிக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. நீங்களாகவே வைத்துக்கொள்ளலாமே. கணக்கு வருடம் முடியும் மார்ச் கடைசியில் போட்டு ஏப்ரலில் திருப்பி எடுத்த பதிவுகளை முதலில் பாருங்கள்.

அப்புறம், கணக்கரின் உதவியாளரோ ஸ்டோர்காரரோ உங்களிடம் ஏதாவது சொல்ல வந்தால், உடனே கணக்கரைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே விசாரிக்காதீர்கள். அதன் பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னவர் பெயரை வெளியே விடாமல், ஆடிட்டரிடம் அந்த வவுச்சர்களைத் தனியாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரமே ஓடிபி வரும் போன் நம்பரை மாற்றிவிடுங்கள், டாங்கிளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கணக்காளர் ஒருவர்