பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கான பங்கைக் கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்: நன்னடத்தை அலுவலர் அவர்கள்

பொருள்: ஆயுள் கைதியின் கூலியில் எங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகைக்கு விசாரணை அறிக்கை அனுப்பக் கோருதல்.

பார்வை: நேரிலும் தபாலிலும் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவரைக் கொன்றவர் மத்திய சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்து வருகிறார். முந்தைய மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறேன்.

1. கைதிகளுக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலத்தில் அதற்காக 20 சதவீதம் பிடிக்கிறார்கள்.

2. தங்கள் அறிக்கை வந்தால்தான் பணம் தர முடியும் என்கிறார்கள் சிறை அலுவலகத்தில். "முகவரியில் ஆள் இல்லை" என்று கோப்பில் எழுதியிருக்கிறதாம். ஐயா, என் கணவரைக் கொன்றவருடைய பரோல் விசாரணைக்குத் தாங்களே எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போனீர்கள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வாசல் தெரியும்.

3. என் மூத்த மகன் பத்தாவதோடு நின்றுவிட்டான். இப்போது மண்டியில் மூட்டை தூக்குகிறான். விடியற்காலையில் லாரி வந்தால் போய்விடுவான். தோள்பட்டை வீங்கித் திரும்பி வருவான், எண்ணெய் தடவிவிட்டால் அப்படியே தூங்கிவிடுவான். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை ஐயா. பாலிடெக்னிக் விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்தான், கட்டணம் கட்ட வழியில்லை. "அப்பாவைக் கொன்றவருக்கு ஜெயிலில் தொழில் கற்றுத் தருகிறார்களாமே, எனக்கு யாரும்மா கற்றுத் தருவார்கள்?" என்று கேட்டான். நான் என்ன பதில் சொல்ல? நீங்கள் சொல்லுங்கள்! அவர் திருந்துவதற்கு அரசாங்கம் செலவு செய்யட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. செத்தவர் வீட்டையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

4. தூக்கில் போட்டிருந்தால்தான் நீதி என்கிறார் மாமனார். சாகும்வரை வெளியே விடக்கூடாது என்கிறார் கொழுந்தனார். அது ரத்தக் காசு, தொடாதே என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் வாங்குவேன் ஐயா. அவர் உள்ளே எத்தனை வருஷம் இருந்தாலும் என் மகனுக்குப் படிப்பு வராது. அவர் வியர்வை சிந்திய கூலி இந்தப் பிள்ளையின் கட்டணமாகப் போகட்டும். எனக்குத் தெரிந்த நியாயம் இதுதான்.

5. ஒரே ஒரு அறிக்கை.

பாலிடெக்னிக் சேர்க்கை முடிவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வர நேரமில்லை என்றால் கூப்பிடுங்கள், ரேஷன் அட்டையோடு நானே வருகிறேன். தயவுசெய்து இந்த மனுவையாவது படியுங்கள் ஐயா.

இப்படிக்கு,
இறந்தவரின் மனைவி