ஆவணம் இல்லை என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் நிலப் பிரச்சினை பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், 'பழங்குடியினரிடம் ஆவணம் இல்லாததால் பட்டா தர வழியில்லை' என்று ஒரு வரி. விவரம் தெரிந்த இதழ் உங்களுடையது. அதில் இப்படி வந்ததுதான் மனதை வருத்துகிறது.

காட்டில் வாழ்வோரின் நில உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், எவை சான்று என்று சொல்லும் 13-ஆவதைத் தாங்கள் அறிவீர்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது மட்டுமல்ல. குடிசை, வரப்பு, கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாமே சான்றுதான். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. ஒன்றுக்கு மேல் இருந்தால் போதும். பணியர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு முன்னோரைப் புதைத்த இடமும் ஊர் மூப்பரின் வாக்குமூலமும் போதும். இன்ன காகிதம்தான் வேண்டும் என்று மனுவைப் பரிசீலிக்கும் எந்தக் குழுவும் வற்புறுத்தக் கூடாது.

மனுக்கள் முடங்குவது வேறு இடங்களில். நிலத்தைப் பார்வையிடும் நாளைக் கிராம சபையின் வன உரிமைக் குழு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கி வைக்க வேண்டும். 'நாங்கள் வரவில்லையே' என்று பின்னால் ஆட்சேபித்தால் மனு கிராம சபைக்குத் திரும்பும். இரண்டாம் முறையும் அவர்கள் வராவிட்டால், பார்வையிட்டது பற்றிச் சபையின் முடிவே இறுதி. சபைக்குப் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். கூலி வேலை நாளில் பகலில் கூட்டினால் இது எப்படி நடக்கும்? வீடு நிற்கும் சில சென்ட்டை மட்டும் அளந்து, பின்னாலிருக்கும் மிளகுக் கொடியையும் காப்பிச் செடியையும் விட்டுவிடுவது அடுத்த கோளாறு. 13.12.2005-க்கு முன்பிருந்து அனுபவத்தில் உள்ள நிலம் 4 ஹெக்டேர் வரை உரிமைக்குள் வரும். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பிவிட்டால், மேல்முறையீட்டுக்கான 60 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

2008-இல் சென்னை உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது நின்றது. உச்ச நீதிமன்றம் 2016-இல்தான் அதை நீக்கியது. அந்த எட்டு ஆண்டுக்கும் மக்களிடம் காகிதம் இல்லாததா காரணம்?

அடமானம் வைக்க முடியாத பட்டாவால் வறுமை தீருமா என்றும் கட்டுரை கேட்கிறது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும் இந்த உரிமை பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. நிலம் கைமாறியே நிலமற்றுப் போனவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது? சொத்துரிமை 1978-இல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போனாலும், சட்டப்படி அன்றி எவர் சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 300ஏ பிரிவு இருக்கிறது. ஜென்மிகள் எனப்பட்ட பெருநிலக்காரர்களின் உரிமையை ஒழிக்கும் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-இல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவில் வரும், ஜென்மிகள் தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்ட நிலத்தில் குடியிருப்போர் அதன் பிறகும் பட்டா இல்லாமல், பல ஆண்டுகள் மின் இணைப்பும் மறுக்கப்பட்டு, தேர்தல்தோறும் ஓட்டு மட்டும் போட்டு வந்தார்கள்.

விதி 13-இல் உள்ள சான்றுகளின் பட்டியலை, அடுத்த கிராம சபைக்கு முன் அரைப் பத்தி இடத்திலாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், பந்தலூர்