சிட்டு இன்னும் வரவில்லை

செங்கம்
27.5.2025

அன்புள்ள கலா,

பொங்கல் முடிந்ததும் எழுதுகிறேன் என்றேன், வைகாசியே பாதி போய்விட்டது. நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உன் பையன் பிளஸ் டூ கணக்கில் தொண்ணூற்றெட்டாமே! உன்னைக் கொண்டு பிறக்கவில்லை, அது மட்டும் நிச்சயம்.

ஜூன் 2 பள்ளி திறப்பு. இரண்டு நாளாகச் சமையல் அக்காவும் நானும் தொட்டி கழுவி, ஒட்டடை அடித்து முடித்தோம். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறு பேர் போய்விட்டார்கள். மார்ச்சிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கியும் ஒன்றாம் வகுப்புக்கு மூன்று பேர்தான். காலையிலேயே தெருவுக்குள் வந்து நிற்கிற தனியார் பள்ளி வேனோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. இப்போது மொத்தம் 19.

நேற்று, சுவரோரம் பிள்ளைகள் எழுதும் கீழ்மட்டக் கரும்பலகைக்குக் கறுப்பு பூசிக்கொண்டே வந்தேன். சிட்டுவின் கட்டத்தில் கை நின்றுவிட்டது. ஜனவரியில் கடைசியாக எழுதியது அப்படியே இருக்கிறது: 'பொகல்'. 'ங்' எங்கே என்று கேட்டதற்கு, "நாளைக்குப் போடறேன் டீச்சர்" என்றாள். மறுநாள் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். அந்தக் கட்டத்தை மட்டும் பூசாமல் விட்டுவிட்டேன்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளை, கலா. ஐந்து மாதம் கல் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தால் என்ன மிஞ்சும்? போன வருடமும் இப்படித்தான், திரும்பி வந்தபோது 'ப'வும் 'ம'வும் கலந்துபோயிருந்தன. மேஸ்திரிக்குப் போன் போட்டேன். முன்பணம் கழியவில்லை, மழை பிடிக்கிறவரை அனுப்ப மாட்டோம் என்கிறார்.

சூளை இருப்பது செங்குன்றம் பக்கம். உன் பள்ளியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்குத்தான் இந்தக் கடிதம். ஒரு நடை போய்ப் பார். மழை தள்ளிப்போனால் அங்கேயே பக்கத்துப் பள்ளியில் உட்காரவை. டிசி இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. யாராவது இழுத்தால் நீ பேசு, உன் குரல் ஒன்றே போதும். பள்ளிப் பிள்ளைகளின் ஆன்லைன் பதிவான எமிஸில் அவள் பெயரை நான் இங்கிருந்து விடுவித்துவிடுகிறேன். என் கணக்கில் ஒரு தலை குறையும், 18 ஆகும். நேற்று ராத்திரி அதை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் என் வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதற்காக அவள் அங்கே கல் சுமக்க முடியாது.

காலையில் சாப்பாடு போடுகிறார்கள் என்று அவள் அம்மாவிடம் சொல். அந்தப் பேச்சுக்கு அம்மா இறங்கி வருவாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பாள். அங்கன்வாடி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே போ.

பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒன்று சேர்த்து அனுப்புகிறேன். ஓரம் கிழிந்தது, அவளுடையதுதான். பார்த்தால் தெரிந்துகொள்வாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விட்டு எத்தனை மணியானாலும் போன் பண்ணு.

உன்,
வசந்தா