நுவரெலியாக் குளிருக்குப் பாதி விடை போதாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட மாணவர் பக்கத்தில நுவரெலியா ஏன் குளிருது எண்ட கேள்விக்கு, சூரியன் தரையைத்தான் சூடாக்குது, தரைதான் காத்தைச் சூடாக்குது, அதால தரையை விட்டு மேல போகப் போகக் குளிர் எண்டு பதில் போட்டிருந்தீங்கள். அது சரிதான், ஆனா பாதியில நிண்டிட்டுது. நுவரெலியாவும் தரைதானே ஐயா, அங்கயும் இதே வெயில்தானே அடிக்குது, அந்தத் தரை ஏன் அங்க இருக்கிற காத்தைச் சூடாக்கேல்ல? வெள்ளவத்தையில என்னட்ட டியூசனுக்கு வாற பிள்ளையள் உங்கட பக்கத்தை வாசிச்சிட்டு உடனே கேட்டது இதைத்தான், அருமையான கேள்வி, உங்கட பதிலுக்குள்ள அதுக்கு விடை இல்ல.

விடுபட்ட பாதி அமுக்கத்தில இருக்கு. இங்க கொழும்பில வளிமண்டலத்தின்ர முழுப் பாரமும் கீழ உள்ள காத்தை அமுக்கிக்கொண்டிருக்கு, 1868 மீட்டர் உயரத்தில நுவரெலியாவில அந்த அமுக்கம் இங்க இருக்கிறதில நூத்துக்கு 80 மட்டில தான். இப்ப சூடான காத்துத் திரள் ஒண்டு மேல எழும்புது எண்டு வைப்பம், மேல போகப் போகச் சுத்தியிருக்கிற அமுக்கம் குறையுது, அப்ப அது விரியும், விரியிறதெண்டா பக்கத்தில இருக்கிற காத்தைத் தள்ளித்தான் இடம் பிடிக்கோணும், தள்ளுறதுக்குச் சக்தி வேணும், காத்து வெப்பத்தை மிச்சம் மெதுவாத்தான் கடத்தும் எண்டபடியா வெளியில இருந்து அந்தச் சக்தி வராது, அதால தன்ர சொந்தச் சூட்டில இருந்துதான் எடுக்குது. மூலக்கூறுகளின்ர வேகம் குறையுது, வெப்பநிலை இறங்குது. சைக்கிளுக்குக் காத்தடிக்கேக்க பம்ப் அடியில சுடுமே, அது இதின்ர மறுபக்கம்.

காஞ்ச காத்து ஒரு கிலோமீட்டர் ஏறினா கிட்டத்தட்ட 10 பாகை குறையும். முகில் கட்டத் தொடங்கினா நீராவி ஒடுங்கித் திரும்பத் தண்ணியாகேக்க அதுக்குள்ள ஒளிஞ்சிருந்த சூடு, அதாவது மறைவெப்பம், வெளிய வந்து கொஞ்சத்தை ஈடுகட்டும், அப்ப 5, 6 பாகைதான் குறையும். வளிமண்டலத்துக்குப் பொதுவா எடுக்கிற சராசரி 6.5. அதை வச்சுக் கணக்குப் பாருங்கோ, 1868 மீட்டருக்கு 12 பாகை வருது, கொழும்பின்ர வருஷச் சராசரி 27, 28, நுவரெலியா 16 மட்டில, அச்சொட்டா வருகுது!

மலைத்தரை வெயிலில சூடாகத்தான் செய்யுது. ஆனா சுத்திவர வீசுறது அந்த உயரத்துக் குளிர்க்காத்து, தரை கொஞ்சம் சூடாக்க முதலே அது போய்ப் புதுக்காத்து வந்திடும். திபெத் மாதிரிப் பரந்த மேட்டுநிலம் எண்டா தரையின்ர சூடு ஓரளவு எடுபடும், எங்கட மலைநாடு அவ்வளவு பெரிசில்ல.

எனக்கு இதில பெரிய ஆதங்கம் மட்டக்களப்பில அனலா வீசுற கச்சான் காத்துத்தான். ஜூன், ஜூலையில தென்மேல் பருவக்காத்து கடலின்ர ஈரத்தோட வந்து மேற்குச் சரிவில ஏறுது, கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மழை கொட்டித் தீர்க்குது, ஏறேக்க மறைவெப்பம் கிடைச்சபடியா அது மெதுவாத்தான் குளிர்ந்தது, மழையை இந்தப் பக்கம் விட்டிட்டு அங்கால இறங்கேக்க காஞ்ச காத்து, அமுக்கம் கூடக் கூட கிலோமீட்டருக்கு 10 பாகை வீதம் சூடேறுது. ஏறேக்க இழந்ததை விட இறங்கேக்க கூடச் சேர்க்குது! மட்டக்களப்புச் சனத்தின்ர முகத்தில அனலா அடிக்கிறது அந்தக் காத்துத்தான். தரைக்குக் கிட்ட இருந்தாச் சூடு எண்ட ஒரு வரியை மட்டும் படிச்ச பிள்ளைக்கு இது விளங்கவே விளங்காது, விரிஞ்சாக் குளிரும் அமுங்கினாச் சுடும் எண்டு தெரிஞ்ச பிள்ளை தானே கண்டுபிடிச்சிடும்.

மலையில சூரியனுக்குக் கிட்டப் போறம், அப்ப சுடோணுமே எண்டும் கேப்பினம். பூமி சூரியனுக்கு ஆகக் கிட்ட வாறது ஜனவரி முதல் கிழமையில, ஜூலையை விடக் கிட்டத்தட்ட 50 லட்சம் கிலோமீட்டர் கிட்ட. நுவரெலியாவில உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிறதும் ஜனவரி, பெப்ரவரியிலதான். 2524 மீட்டர் பிதுருதலாகலை ஏறிக் கிட்டப் போறதெல்லாம் ஒரு கணக்கே இல்ல.

இன்னொண்டு, மேல போகப் போக எப்பவும் குளிர் எண்டும் எழுதாதேங்கோ. எங்கட பக்கம் 17 கிலோமீட்டர் மட்டில தாண்டினா ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுறதால வெப்பநிலை திரும்ப ஏறத் தொடங்கும்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில மிச்சப் பாதியையும் போடுங்கோ ஐயா, மேற்குச் சரிவு, முகில், கிழக்குச் சரிவு எண்டு கச்சானுக்கு ஒரு படமும் கீறிப் போட்டா நல்லம், மட்டக்களப்புப் பிள்ளையளும் உங்கட பேப்பர் வாசிக்கிறவை.

இப்படிக்கு,
டியூசன் ரீச்சர் ஒராள்,
கொழும்பு 06